எட்டாம் நாளும் அழுகாத பயறு

நம் ஓய்வூதியர் மலருக்குப் பேச்சியம்மாளைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எழுத எனக்கு வராது. ஆகவே சொல்ல நினைப்பவற்றை முதலில் எண்ணிட்டு வைத்துக்கொள்கிறேன்.

1. செய்தி வந்த விதம்.
2. அவர் விதை எண்ணிய முறை.
3. உயிருள்ளதையும் உயிரற்றதையும் அவர் பிரித்தறிந்த விதம்.
4. பாசிப்பயறு மாதிரியில் அவர் செய்த பிழை.
5. அவரிடமிருந்து என்னிடம் வந்து சேர்ந்திருப்பது.

இந்த ஐந்தையும் எழுதிவிட்டு எழுந்து இரண்டு முறை தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தேன். நான்காவதை விட்டுவிடலாமா என்பதுதான் யோசனை. அது உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. எழுதவேண்டாம் என்று அவருடைய மகள் முத்துமாரி என்னிடம் கேட்டுக்கொண்டாள். எழுதினால் அவள் மனம் நோகும். எழுதாவிட்டால் அந்தக் கதை இப்போது உங்கள் வாயில் எப்படி இருக்கிறதோ அப்படியே பேச்சியம்மாளின் பெயரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் நடுவில் இது மூன்றாவது முறையாக நான் எழுத உட்கார்வது.

செய்தி ஆவணிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. அந்த வாரத்துக்கான மாத்திரைகளைக் கிழமைவாரியாக டப்பாவில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமைக்கு வந்தபோது தொலைபேசி அடித்தது.

"சார், முத்துமாரி பேசுதேன். அம்மா காலையில தவறிட்டாவ."

நான் கேட்ட கேள்வியை எழுதக் கூச்சமாக இருக்கிறது. "நல்லாத் தெரியுமாம்மா? யாராவது பார்த்துச் சொன்னாங்களா?" என்று கேட்டேன். முப்பது வருடம் இந்த விதை முளைக்கும், இது முளைக்காது என்று கையெழுத்துப் போட்டவனுக்கு வேறு கேள்வி வரவில்லை.

 "கை சில்லுன்னு ஆயிட்டு சார். நர்ஸம்மா வந்து பாத்துட்டுப் போயிட்டாவ" என்றாள்.

கோவில்பட்டியிலிருந்து இடைசெவல் வழியாகப் போகும் பேருந்தில் ஏறினேன். பல நிலங்களில் புழுதியிலேயே விதைப்பை முடித்திருந்தார்கள். நம் பக்கத்தில் மழைக்கு முன்பே விதைத்துவிடுவதுதானே வழக்கம். மழை வரும்வரை விதை அந்தக் கரிசல் சூட்டுக்குள் கிடக்கும். ஜன்னல் வழியே பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை ஒரு பச்சை இல்லை. அதற்குள் உயிர் இருக்கிறதா இல்லையா என்று சொல் என்று யாராவது என்னைப் பிடித்து உலுக்கியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று வழியெல்லாம் யோசித்தேன். இறங்கவேண்டிய இடத்தையும் தாண்டிப் போய்விட்டேன்.

பந்தலில் நம்மவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தீர்கள். நம் பழைய ஓட்டுநர் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நம்ம செத்தபயறு பேச்சி போயிட்டாவளே சார்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எதுக்கும் எட்டு நாள் ஈரத்துணியில வச்சுப் பாத்துட்டு எடுக்கச் சொல்லுங்க. அவிய எண்ணின எண்ணம் மாதிரி ஆயிரப்போகுது."

இரண்டு பேர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கெட்ட எண்ணமில்லை. பதினான்கு வருடமாக எல்லா வழியனுப்பு விழாவிலும் சொல்லிச் சிரித்த பேச்சுதான், பிரியத்தில் சொன்னதுதான். நானும் சிரித்தேன் போலிருக்கிறது. திரும்பிப் பார்த்தால் தண்ணீர்த் தம்ளரோடு முத்துமாரி நின்றுகொண்டிருந்தாள்.

நான் கிளம்பும்போது தெருவரைக்கும் வந்தாள். "மலர்ல அம்மாவைப் பத்தி எழுதப் போறீங்களாமே சார். அந்தப் பயறு கதையை மட்டும் எழுதிராதீங்க. இருக்கும்போதுதான் சிரிச்சாவ, போன பிறகும் எதுக்கு?"

"சரிம்மா" என்றேன். சரி என்று சொல்வது எனக்கு எப்போதும் எளிது.

இனி இரண்டாவது குறிப்பு. பேச்சியம்மாள் ஆடு மேய்க்கிற வீட்டில் பிறந்தவர். கல்யாணத்துக்கு முன் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர். நம் விதைப் பரிசோதனைக் கூடத்துக்குத் தினக்கூலியாக வந்தபோது அவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். விவசாயிகள் விளைவித்த விதையில் ஒரு பை மாதிரி நமக்கு வரும். அதில் நானூறு விதையை எண்ணி ஈரத்தாளில் சுருட்டி வைப்போம். பயறு என்றால் எட்டாம் நாள் பிரித்து, சரியாக முளைத்தது எத்தனை, கோணலாக முளைத்தது எத்தனை, செத்தது எத்தனை, தண்ணீரே குடிக்காமல் கல்லாகக் கிடப்பது எத்தனை என்று பிரித்து எண்ணுவோம். கடைசி வகைக்குக் கடின விதை என்று பெயர். அதை முளைக்கக்கூடிய கணக்கில் சேர்க்கவேண்டும்.

பேச்சியம்மாள் இரண்டு விரலால் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணுவார். முதல் ஐந்துக்கு ஒன்று என்று சொல்லமாட்டார். களத்தில் தானியம் அளப்பவர்களைப் போல "லாபம்" என்பார். லாபம், ரெண்டு, மூணு என்று இருபது வரை போனால் நூறு. எனக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கு எதிலும் எளிதில் நம்பிக்கை வராது. அவர் வீட்டுக்குப் போனபிறகு ஒரு மாதம் தினமும் தாள்களைப் பிரித்து நானே எண்ணிப் பார்த்தேன். ஒருநாள் காலையில் கேட்டுவிட்டார்.

"சார், நேத்து தாளைப் பிரிச்சு எண்ணினீங்களோ?"

"இல்லையே."

"மடிப்பு மாறிக் கிடக்கே. எண்ணுங்க சார், நல்லதுதான். எங்க வீட்ல அய்யா பட்டியடைக்கும்போது ஆட்டை எண்ணுவாரு. விடியக்காலம் திறந்துவிடும்போது அம்மா எண்ணுவா. ரெண்டு பேருக்கும் எத்தனையோ சண்டை வந்திருக்கு, ஆட்டெண்ணத்துல மட்டும் வந்ததேயில்ல."

அந்த ஒரு மாதத்தில் ஒரு விதைகூடத் தப்பவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். எழுத்தில் வைப்பது இதுதான் முதல் தடவை.

மூன்றாவது குறிப்பு எனக்கு மிகவும் பிடித்தது. அதிலேயே இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது. நான்காவதற்குப் போகாமல் இருக்க அது ஒரு வழி. ஒருமுறை ஆசிரியப் பயிற்சி மாணவிகள் கூடத்தைப் பார்க்க வந்தார்கள். அவர்களுக்காகக் கரும்பலகையில் உயிருள்ளவற்றின் ஆறு அடையாளங்களை எழுதினேன்: உணவு கொள்ளும், மூச்சு விடும், அசையும், வளரும், இனம் பெருக்கும், தொட்டால் சுட்டால் உணரும். இல்லாதவை உயிரற்றவை. அழகாகக் கட்டம் போட்டு இரண்டு பத்தியாக எழுதியிருந்தேன். அவர்கள் போனபிறகு பேச்சியம்மாள் பலகையைத் துடைக்க வந்தார். துடைக்கவில்லை. ஒரு கை பயறை என் மேஜையில் பரப்பினார்.

"சார், இந்தப் பயறு ஒங்க ஆறுல எதைச் செய்யுது?"

"மூச்சு விடும். ரொம்ப மெதுவா."

"நீங்க பாத்திருக்கீங்களா?"

"புத்தகத்துல இருக்கு."

"சரி, அது கிடக்கட்டும். தீப்பெட்டி ஆபீஸ்ல ஒருநாள் தீப்பிடிச்சதைப் பாத்தவ நான். அது திங்குது, காத்தைக் குடிக்குது, அசையுது, வளருது. ஒண்ணு நாலாக் குட்டி போடுது. தண்ணியைக் காட்டினா சீறுது. ஆறும் இருக்கு. அதுக்கு உசுரு இருக்கா?"

"இல்லை."

"ஏன் இல்ல?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் தைரியமில்லை. அவரே சொன்னார்: "தீயைக் காத்திருன்னா காத்திருக்காது சார். இது காத்திருக்கும்."

"அப்படிப் பார்த்தா கல்லும்தான் காத்திருக்கு" என்றேன். வாதத்தில் ஒரு புள்ளி எடுத்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

அவர் சிரித்தார். "கல்லு எதுக்குக் காத்திருக்கு? சார், நீங்க ரெண்டு பத்திதான் போட்டிருக்கீங்க. மூணு வேணும். உசுரு இருக்கது, உசுரே இல்லாதது, உசுரு போனது. கல்லை நனைச்சா அழுகாது. உசுரு இருக்க பயறும் அழுகாது. உசுரு போனதுதான் அழுகும். எட்டாம் நாள் தாளைப் பிரிச்சா எனக்கு மூக்கே சொல்லிரும்."

நான் அன்றைக்கு என் நாட்குறிப்பில் மூன்றாவது பத்தியைச் சேர்த்துக்கொண்டேன். இதையும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பயறு மாதிரி வந்தபோது இது எனக்குத் தெரியாதது அல்ல.

அடுத்த வருடம் மழை தவறியது. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வேலுச்சாமி அண்ணாச்சி என்பவர் விதைக்காக விளைவித்த பாசிப்பயறின் மாதிரி வந்தது. எட்டாம் நாள் பேச்சியம்மாள் எண்ணிப் பென்சிலில் சீட்டு எழுதிக் கொடுத்தார். முளைத்தது 262. கடினம் 91. கோணல் 15. செத்தது 32.

91 என்ற எண்ணைப் பார்த்ததும் பேனாவை மூடி வைத்தேன். அந்த வாரம்தான் மேலதிகாரி வந்து பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "கடின விதைப் பத்தி உங்ககிட்ட மட்டும் ஏன் இப்படி வீங்கிக் கிடக்கு? விதைக்காரங்களுக்கு வேண்டியவரோ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டுப் போயிருந்தார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் மூன்று இரவு தூங்கவில்லை.

"பேச்சியம்மா, எட்டு நாள் தண்ணியில கிடந்தும் உப்பாதது உயிரோட இருக்குன்னு எப்படி எழுதுறது?"

"அழுகலியே சார்."

"நாலில் ஒரு பங்கு கல்லாயிருக்குமா?"

"மழை தவறின வருசத்துப் பயறு சார். காய்ஞ்சு விளைஞ்சது, தோலு கல்லாத்தான் இருக்கும். ஒல வச்சுப் பாருங்க, நாலு விசிலுக்கும் வேகாம பல்லுல நறுக்குன்னு கடிபடும். தோலை ஒரு தேய்ப்பு தேச்சா தண்ணி உள்ள போயிரும், போட்டுக் காட்டட்டுமா?"

"அதெல்லாம் வேண்டாம்" என்றேன். அவர் அந்தப் பக்கம் போனதும் பதிவேட்டைத் திறந்தேன். கடினம் என்ற பத்தியில் சுழி போட்டேன். செத்தது என்ற பத்தியில் 123 என்று எழுதினேன். 32-ம் 91-ம் சேர்ந்து 123. கூட்டலில் பிழையில்லை. அந்த விதை தகுதி பெறவில்லை என்று அறிக்கையில் கையெழுத்திட்டுத் தபாலில் சேர்த்தேன்.

மூன்றாம் நாள் பேச்சியம்மாள் ஒரு தாளைக் கொண்டுவந்து என் மேஜையில் விரித்தார். அந்தத் தொண்ணூற்றொன்றில் இருபதை எடுத்துச் சிமெண்டுத் தரையில் தேய்த்து ஈரத்தாளில் போட்டிருக்கிறார். பத்தொன்பது முளைத்திருந்தன. வெள்ளை வேர், வளைந்த கழுத்து, எல்லாம் சரியாக.

"அறிக்கை போயிட்டு பேச்சியம்மா."

"இன்னொண்ணு எழுதலாமே சார்."

"இதை யார்கிட்டயும் காட்டவேண்டாம்" என்றேன். அவர் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்து வந்த ஐப்பசியில் மழை விழுந்து பத்து நாள் கழித்து வேலுச்சாமி அண்ணாச்சி கூடத்துக்கு வந்தார். அன்று மேலதிகாரியும் இருந்தார். அண்ணாச்சி துண்டை அவிழ்த்து, வேரோடு பிடுங்கிய பயற்றஞ்செடிகளைக் கரிசல் ஈரத்தோடு அப்படியே மேஜையில் போட்டார்.

"சார், நீங்க செத்துப்போச்சுன்னு எழுதிக் குடுத்த பயறு. ஒங்க காயிதத்தை நம்பி மொத்தத்தையும் பருப்பு மில்லுக்குப் போட்டேன். சாக்குல ஒட்டிக் கிடந்ததைக் கொல்லையில உதறினேன். மழை பெஞ்சதும் எந்திரிச்சு நிக்குது. இந்தாங்க, இதுகளுக்கும் ஒரு இறப்புச் சர்ட்டிபிகேட் எழுதிக் குடுங்க, வாங்கிட்டுப் போறேன்."

மேலதிகாரி என்னைப் பார்த்தார். "இந்த மாதிரியை எண்ணினது யாரு?"

"பேச்சியம்மாள், சார்."

இதுதான் நான் சொன்னது. ஒரே ஒரு வாக்கியம். அது உண்மையும்கூட. இத்தனை வருடமும் நான் பிடித்துக்கொண்டு நின்றது அந்த உண்மையைத்தான்.

அவரைக் கூப்பிட்டார்கள். "ஏம்மா, செத்த விதைக்கும் கல்லு விதைக்கும் வித்தியாசம் தெரியாதா? இத்தனை வருசம் என்ன எண்ணுன?" பேச்சியம்மாள் என் முகத்தைப் பார்த்தார். நான் செடிகளிலிருந்து மேஜையில் சிந்திய மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"எண்ணினது நான்தான் சார்" என்றார். அவரும் உண்மையைத்தான் சொன்னார்.

பென்சில் சீட்டுகளை வாரக் கடைசியில் கிழித்துப் போட்டுவிடுவது வழக்கம் என்பதால் சரிபார்க்க ஒன்றுமில்லை என்று எழுதி முடித்தார்கள். நிரந்தரப் பணிக்காக மேலே அனுப்பியிருந்த பட்டியலில் அவர் பெயர் அடிக்கப்பட்டது. மறுபடி ஏற இரண்டு வருடம் ஆயிற்று. செத்தபயறு பேச்சி என்ற பெயர் வந்தது அந்த வாரம்தான். அதை யார் முதலில் சொன்னது என்று எனக்கு நினைவில்லை. நானாக இருக்காது என்று நம்புகிறேன்.

அதன்பிறகும் நாங்கள் ஒரே அறையில் வேலை பார்த்தோம். அவர் எண்ணினார், நான் எழுதினேன். அவருடைய சீட்டை ஒரு எண்கூட மாற்றியதில்லை. அந்தச் சம்பவத்தை அவர் ஒரே ஒருமுறைதான் தொட்டார். நான் ஓய்வு பெற்ற நாள், மாலை போட வந்தவர் காதோரம் மெதுவாகச் சொன்னார்: "சார், அது இன்னும் அழுகல."

எது என்று நான் கேட்கவில்லை. மாலையிலிருந்த எலுமிச்சம்பழத்தைச் சொல்கிறார் என்பதுபோல அதைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினேன்.

ஐந்தாவது குறிப்பு. பதினாறாம் நாள் முடிந்து முத்துமாரி என் வீட்டுக்கு வந்திருந்தாள். பாசிப்பயறு போட்ட ஒரு பழைய இருமல் மருந்துப் பாட்டிலை மேஜையில் வைத்தாள்.

"அம்மா இதை ஒங்ககிட்ட குடுக்கச் சொல்லியிருந்தாவ. என்னன்னு தெரியல சார். வருசா வருசம் புரட்டாசியில ரெண்டு எடுத்துத் தரையில தேச்சு, ஈரத்துணியில முடிஞ்சு வைப்பாவ. முளைச்சா தொட்டியில ஊனுவாவ."

"முளைச்சுதாம்மா?"

"முளைக்கும். கடைசி ரெண்டு வருசம் ஒண்ணு ஒண்ணுதான். எதுக்கும்மா இந்தப் பாடுன்னு கேட்டா, 'சார் ஒருநாள் கேப்பாவ, அப்ப இல்லன்னு சொல்லக் கூடாதுல்லா'ம்பாவ. நீங்க கேட்டீங்களா சார்?"

"இல்லம்மா. கேக்கல."

பாட்டிலைச் சுற்றி ரப்பர் வளையத்தில் ஒரு சீட்டு. அதில் 71 என்று எழுதி, ஒற்றைக் கோடு. கீழே 69, ஒற்றைக் கோடு. 67. இப்படிப் பதினான்கு கோடுகளுக்குக் கீழே, அடிக்காமல் 43. சீட்டைத் திருப்பினேன். பின்பக்கம் பென்சில் எழுத்து மங்கியிருந்தது. ஆனால் படிக்க முடிந்தது. 262. 91. 15. 32. தொண்ணூற்றொன்றில் அன்று தேய்த்த இருபது போனால் 71.

கிழித்துப் போடும் வேலையும் அவருடையதுதானே. விசாரணை நடந்த அன்று இந்தச் சீட்டு அவரிடம் இருந்திருக்கிறது. எடுத்து நீட்டியிருந்தால் போதும். ஏன் நீட்டவில்லை என்று இரண்டு வாரமாக யோசிக்கிறேன். என் மேல் இரக்கமா, நானே எழுந்து சொல்வேன் என்று பார்த்தாரா, என்னிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டாரா? ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகத் தோன்றுகிறது. சரிபார்க்க வழியில்லை.

நேற்று முத்துமாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்தப் பயறு கதையை எழுதத்தான் போகிறேன் என்றேன்.

"சரின்னு சொன்னீங்களே சார்?" என்றாள். 

"சொன்னேன்மா. நீ கேட்டு வளர்ந்த கதையை எழுதமாட்டேன். நடந்ததை எழுதுறேன். அச்சுக்குப் போகுமுன்னே உன்கிட்ட கொண்டுவந்து தாரேன்."

 அவள் தொலைபேசியை வைத்துவிடவில்லை. நான்தான் முதலில் வைத்தேன்.

இன்று காலையில் இந்த வருடத்துக்குரிய இரண்டை எடுத்துச் சிமெண்டுத் தரையில் தேய்த்தேன். எவ்வளவு தேய்க்கவேண்டும் என்று தெரியவில்லை, அவரைக் கேட்டிருக்கவேண்டும். ஈரத்துணியில் முடிந்து வைத்தேன். 43-ஐ அடித்து 41 என்று எழுதினேன். இந்தப் பக்கத்தை எழுதுவதற்குள் நான்கு முறை பிரித்துப் பார்த்துவிட்டேன். ஒன்று உப்பியதுபோல் இருக்கிறது. மற்றது அப்படியே கிடக்கிறது. எட்டு நாள் பொறுக்கவேண்டும்.

பதிவேட்டில் பிழை திருத்தும் முறை உங்களுக்குத் தெரியும். சுரண்டி அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடு போடவேண்டும். அடித்தது என்னவென்று படிக்கத் தெரியவேண்டும். சரியானதை எழுதிப் பக்கத்தில் ஒப்பமிடவேண்டும். ஆகவே தொடக்கத்தில் எழுதிய வரிசையை அப்படியே விட்டிருக்கிறேன். செயலாளரும் அதை மாற்றாமல் அச்சிடவேண்டும். திருத்தம் இது: நான்காவது குறிப்பு தவறு. பாசிப்பயறு மாதிரியில் பேச்சியம்மாள் சரியாக எண்ணினார். பிழை செய்தவன் நான்.